சமரசம்

வணிக வழக்குகளைப் பற்றி எழுதுவோர் 'சமரசம் கட்டாயம்' என்று எழுதுவதைக் காணுந்தோறும் எனக்கு வருத்தமுண்டாகிறது. ஏனெனில், ஒத்த சுவை என்னும் பொருளில் 'சம', 'ரசம்' என்ற இரு வடசொற்கள் கூடிப் பிறந்து, யோக நூல்களில் ஜீவான்மா பரமான்மாவோடு ஒன்றிவிடும் நிலையைக் குறித்து, 1865-இல் வள்ளலார் நிறுவிய சங்கத்தின் பெயரில் சமயபேதமற்ற பொதுமையாக விரிந்து, பிற்காலத்தில் வாதியும் பிரதிவாதியும் கையெழுத்திடும் ராஜிப் பத்திரத்திற்கு வந்து சேர்ந்த இச்சொல், மனமொத்து விளைவதையன்றி வற்புறுத்திப் பெறுவதை ஒருகாலும் குறித்ததில்லை. கொள்கையில் உறுதியானவரைச் 'சமரசம் செய்துகொள்ளாதவர்' என்று புகழ்கிறோமே, அவ்வழக்கில் அது தாழ்வும் அடைந்துவிட்டது! 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-இல் சேர்ந்த 12-அ பிரிவும், அதனை மீற முடியாதென்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் கட்டாயமாக்கியது முயற்சியை மட்டுமே: அனுப்பிய சரக்குக்குப் பணம் வராத வியாபாரி, அவசர இடைக்கால நிவாரணம் வேண்டாதபோது, எதிரியை முதலில் பேச்சுக்கு அழைக்க வேண்டும், அழைக்காமல் கொடுத்த பிராது நிராகரிக்கப்படும். அப்பேச்சில் நடுவே அமர்பவர் தீர்ப்புச் சொல்பவரல்லர். ஆதலின், தீர்ப்புச் சொல்லும் நடுவர் பணியையும் குறிக்கும் 'மத்தியஸ்தம்' என்பதும் மயக்கம் தரும். 'இணங்கு' என்னும் வினையடியாக 'இணக்கப் பேச்சு' என்போமானால், பேச்சு சட்டத்தின் கடமையாகவும் இணக்கம் அவரவர் விருப்பமாகவும் தெளிவாகவே விளங்கும்.