தோரமல்லியும் கிற்றாரும்

மலையகத்து இளைஞர்கள் தோட்டத்துத் திருவிழா மேடைகளிலும் தேவாலய ஆராதனைகளிலும் இன்று கிற்றார் வாசிக்கிறார்கள். இசை நிகழ்ச்சிகளைப் பற்றி நெடுங்காலம் பத்திரிகையில் எழுதி வந்தவன் என்பதால், அவர்களுள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. "ஐயா, வீட்டில் இனிமையாக ஒலிக்கிற கிற்றார், ஒலிபெருக்கியில் இணைத்ததும் தகரத்தில் தட்டியது போலாகிவிடுகிறதே! எந்த ப்ரீஅம்ப் வாங்கலாம்?" பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை போலும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்கான விடை இலங்கை மண்ணில் எடுத்த ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறது.

அட்டனிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறி, மறுபுறம் இறங்கினால் இரத்தினபுரிப் பக்கம் போய்ச் சேரலாம். மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன பூமி அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற கற்களில் ஒருவகை, சூடேறியதும் சாம்பலைத் தன்பால் இழுத்தது. அதனால் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகம் வழங்கும் 'டூர்மலின்' என்ற பெயர், 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லின் வழி வந்தது. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் எழுதிய நூலில் லின்னேயஸ் இதனை 'மின்கல்' என்று குறித்தார். 1880இல் பாரிஸில் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியேரும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று நிறுவினார்கள். அவர்கள் சோதித்த படிகங்களுள் தோரமல்லியும் ஒன்று.

அழுத்தத்தால் மின்சாரம் தரும் இந்த இயல்பையே 'பியசோ' என்கிறோம். கிற்றாரின் தந்திகள் தாங்கி நிற்கும் சிறு எலும்புத் துண்டின் அடியில், மெல்லிய பட்டையாக வைக்கப்படும் பிக்அப் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இன்று அதில் இருப்பது தோரமல்லி அல்ல, செயற்கைப் பீங்கானோ பிளாஸ்டிக் படலமோதான். தத்துவம் மாறவில்லை. தந்தி அதிர்கிறது, பட்டை அழுந்துகிறது, மின்சமிக்ஞை பிறக்கிறது. 1930களில் பரவிய காந்த வகைப் பிக்அப் உருக்குத் தந்திகளுக்கு மட்டுமே பயன்படும். பியசோவோ நைலோன் தந்திக்கும் இசைந்து கொடுக்கும். 1960களுக்குப் பின் அது மேடைகளைப் பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. பியசோ பட்டை ஒரு சின்னஞ்சிறு மின்கொள்ளளவியைப் போன்றது. அதன் கொள்ளளவு சுமார் 500 பிக்கோபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டு மின்மறுப்புக் கொண்ட மிக்சரில் நேரே செருகினால், ஏறத்தாழ 32,000 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலியெல்லாம் தேயத் தொடங்கும். மனிதச் செவிக்கு எட்டுவதோ 20,000 வரைதான். தாழ்ந்த சுரம் ஆக ஆகத் தேய்வும் மிகும். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்சில் அதிர்வது. அது ஏறக்குறைய மறைந்தே போகும். எஞ்சுவது அந்தத் தகர ஓசைதான். 1 மெகா ஓம் உள்ளீடாயின் தேய்வு 320 அளவில் தொடங்கும். 10 மெகா ஓம் ஆயின் 32க்கு இறங்கிவிடும். கிற்றார் முழுவதும் உயிரோடு வந்து சேரும்.

ப்ரீஅம்ப் எனப்படும் முன்பெருக்கியின் முதற்பணி ஒலியைக் கூட்டுவதன்று. நலிந்த சமிக்ஞையை அழுத்தாமல் கேட்டு, அடுத்த கருவிக்கு வலுவாகச் சொல்லுவதே அதன் பணி. ஒரு நல்ல நிருபரின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

மலையகத்தில் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. எழுத்தறிந்தோர் அரிதாயிருந்த தோட்டங்களில், காதுக்கு எட்டிய சொல்லே செய்தியாக இருந்தது. விடியலில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைக்கத் தப்பு முழங்கியது. ஆளை வேலைக்கு விரட்டிய அதே தப்புத்தான் காமன் கூத்திலும் கொட்டியது. குளிரிலும் ஈரத்திலும் தளர்ந்த தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பின்னரே அதை அடிப்பார்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய பத்திரிகையாளர் கோ. நடேசய்யரின் கூட்டங்களில், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். அவை சிறு நூல்களாகவும் அச்சேறின. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் உழைப்பையும் இங்கு நினைக்க வேண்டும். இப்பாடல்கள் யாவற்றிலும் சொல்தான் உயிர்.

மின்சாரத்தின் கதை வேறுவிதமாகப் போயிற்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் யோசனையைப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே முன்வைத்தார். கெசல்கமு ஓயாவின் நீரில் இயங்கும் லக்சபான மின்நிலையம் 1950இல் தொழிற்படத் தொடங்கிக் கொழும்புக்கு ஒளி கொடுத்தது. அந்த ஆற்றங்கரைத் தோட்டங்களின் லயங்கள் பலவற்றுக்கு அவ்வொளி வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

இனி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் உங்கள் கிற்றாரின் பக்கவாட்டைப் பாருங்கள். மின்கலம் வைக்கும் அறையும் திருகுகளும் அங்கே இருந்தால், முன்பெருக்கி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. மின்கலத்தை மாற்றிப் பார்த்த பின்னர் கடைக்குப் போகலாம். இல்லையாயின், தயாரிப்பாளர் குறிப்பில் 'இன்புட் இம்பீடன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். பியசோவுக்கு 1 மெகா ஓம் மிகக் குறைந்த அளவு. 5 முதல் 10 வரை இருப்பது நலம். காந்தப் பிக்அப்புக்கு 1 மெகா ஓமே தாராளம்.

அடுத்து, 9 வோல்ற் மின்கலத்தில் இயங்குவதா என்று பாருங்கள். மிக்சரிலிருந்து 48 வோல்ற் பெற்று இயங்கும் பெட்டிகளும் உண்டு. ஆனால் தோட்டத்து மண்டபங்களில் வாடகைக்கு வரும் பழைய ஒலிபெருக்கிகள் பல அதைத் தருவதில்லை. பெட்டியைக் கிற்றாருக்கு அருகிலேயே வையுங்கள். இடையில் வயர் நீள நீளச் சமிக்ஞை நலியும். பெட்டியிலிருந்து மிக்சருக்குச் செல்லும் வெளியீடு 'பலன்ஸ்ட்' வகையாக இருந்தால், நீண்ட வயரிலும் இரைச்சல் ஏறாது.

சிறு மண்டபங்களில் ஒலிபெருக்கி கிற்றாரின் உடலையே அதிரவைத்து ஊளையிடும். பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸ் அளவில், கிற்றாரின் வயிற்றுக் காற்று ஒலிக்கும் இடத்தில், அது தொடங்கும். அந்த ஒன்றை மட்டும் வெட்டும் 'நொட்ச்' திருகும், சமிக்ஞையைத் தலைகீழாக்கும் 'பேஸ்' ஆளியும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். எதிரொலி முதலான அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்க அவசரம் வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சமாயின், விலையுயர்ந்த புதுக் கிற்றாரை விட நல்ல முன்பெருக்கிக்கே அதை முதலில் செலவிடுங்கள். பாடுகிறவரின் சொல்லுக்குத் தாழ்சுரங்கள் பாய் விரித்துக் கொடுக்க வேண்டும். அவை தேய்ந்து தகர ஓசை மிஞ்சினால், கிற்றாரும் பாடகரும் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுவர். அந்தப் போட்டியில் தோற்பது பெரும்பாலும் சொல்தான்.