இறைமறுப்புத் தன்வரலாறும் தென்திருவிதாங்கூர்ப் பின்புலமும்

சமய நம்பிக்கையில் வளர்ந்த இளைஞர் ஒருவர் அதனின்று விலகிய வரலாற்றைத் தாமே எடுத்துரைப்பது தன்வரலாற்றிலக்கியத்தின் ஒரு தனிக்கூறு ஆகும். அமெரிக்க ஓவியர் கிரெய்க் தாம்சன் 2003-இல் வெளியிட்ட ‘பிளாங்கெட்ஸ்’ என்னும் சித்திரத் தன்வரலாறு இவ்வகையில் பரவலாக அறியப்பட்டதாகும். எனினும், 1930-களிலேயே இக்கூறு மொழிபெயர்ப்பின் வழித் தமிழுக்கு வந்துவிட்டது. பகத்சிங் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ என்னும் கட்டுரையே அது. மொழிபெயர்த்தவர் ப. ஜீவானந்தம்.

ஜீவா 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்தவர். குலதெய்வத்தின் பெயரால் அவருக்குச் சொரிமுத்து என்று பெயரிட்டனர். பூதப்பாண்டியும், இன்று கேரள எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும் 1956 வரை ஒரே திருவிதாங்கூர் நிலமாக இருந்தவை. சாதிக்கொடுமைக்கு எதிராக அந்நிலத்தில் இரு வழிகள் முன்னரே தோன்றியிருந்தன. பாறசாலையில் இலண்டன் மிஷன் சங்கம் வேறொரு சமயத்தைக் காட்டியது. நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் 1888-இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவி, சமயத்திற்குள்ளேயே உரிமையை நிலைநாட்டினார். முன்னது சமயத்தை மாற்றியது. பின்னது சமயத்தைத் திருத்தியது. ஜீவா தமிழில் தந்தது மூன்றாம் வழியாகும்.

இலாகூர்ச் சிறையில் 1930-இல் எழுதப்பட்ட அக்கட்டுரை, வெறும் தருக்க நூலன்று. ஆரிய சமாஜப் பற்றுடைய பாட்டனார், பள்ளி விடுதியில் மணிக்கணக்கில் காயத்திரி ஓதிய சிறுவன், தேசியக் கல்லூரியில் தொடங்கிய ஐயம், 1926 இறுதிக்குள் உறுதிப்பட்ட மறுப்பு என அது படிப்படியாக வளர்கின்றது. 1927-இல் கைதானபோது, வழிபடுமாறு காவலர் வற்புறுத்தியும் அவர் வழிபடவில்லை. ஆணவத்தால் விளைந்ததே தம் நாத்திகம் என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகவே தம் இளமையை அவர் விரித்துரைக்கிறார். தாம்சனின் விலகல் குடும்பம், காதல் ஆகிய அகவெளியில் நிகழ்கின்றது. பகத்சிங்கின் விலகலோ வாசிப்பிலும் அரசியற் செயற்பாட்டிலும் விளைகின்றது. இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

சுயமரியாதை இயக்கச் சார்பில் வெளிவந்த இம்மொழிபெயர்ப்பிற்காக ஜீவா கைது செய்யப்பட்டார். ஆங்கில மூலம் அழிந்துபோக, தமிழிலிருந்தே அது மீட்கப்பட்டது என்றொரு கூற்று பின்னர்ப் பரவியது. கட்டுரை 27-9-1931 நாளிட்ட ‘தி பீப்பிள்’ இதழில் அச்சாகி, அவ்விதழும் கிடைப்பதால் அக்கூற்றுப் பொருந்தாது. மூலத்தை மீட்டது என்னும் பெருமை இம்மொழிபெயர்ப்பிற்குத் தேவையுமில்லை. ஒருவர் நம்பிக்கையை அடைந்த கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை போன்றோர் வழி அறிந்திருந்த தமிழுக்கு, நம்பிக்கையைத் துறந்த கதையும் சான்றாண்மையுடையதே என உணர்த்தியமையே அதன் வரலாற்றுப் பயன் எனலாம்.