ஜப்தி

ஜப்தி, பெயர்ச்சொல்: நியாயஸ்தலத்தின் உத்தரவினால் ஒருவருடைய சொத்து, விற்கவும் அடகு வைக்கவும் ஒண்ணாதபடி கட்டுண்டு நிற்றல். இறுகப் பற்றுதல் என்னும் பொருளில் அரபியில் பிறந்து, பாரசீகத்தில் புகுந்து, அக்பர் காலத்தில் தோடர்மால் வகுத்த, நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறைக்கும் பெயராகிய இச்சொல், சர்க்கார் கச்சேரிகளின் வாயிலாகத் தமிழிலும் வந்து குடியேறிற்று.

டிக்ரி ஆனபின் கடனை வசூலிக்கச் செய்யும் ஜப்தி வேறு. பிரதிவாதி, வரவிருக்கும் டிக்ரியைப் பயனற்றதாக்கும் எண்ணத்துடன் சொத்தை விற்கவோ கோர்ட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோகவோ முயல்கிறான் என்று திருப்தியடைந்த நீதிபதி, தீர்ப்புக்கு முன்னரே விதிக்கும் ஜப்தி வேறு. 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 38ஆம் ஆர்டர் 5ஆம் விதி பின்னதைக் கூறுகிறது. பிரதிவாதி தக்க முகாந்தரம் காட்டினாலும், ஜப்திச் செலவுக்கும் சேர்த்து ஜாமீன் கொடுத்தாலும், வழக்கே தள்ளுபடியானாலும், அதனை நீக்க வேண்டும் என்பதே அடுத்து வரும் 6, 9ஆம் விதிகளின் சாரம். ஈடில்லாத கடனை ஈடுள்ளதாக மாற்றிக்கொள்வதற்கு வாதி கையாளும் உபாயமாக இது ஆகலாகாது என்று, ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஸ்பஷ்டமாக எச்சரித்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1975ஆம் வருஷத்து மரேவா வழக்கினால் பெயர் பெற்ற தடையுத்தரவோ, சொத்தைப் பற்றாமல் சொத்துடையவனையே கட்டுப்படுத்துவதாகலின், அதனை ஜப்தி என வழங்குதல் பொருந்தாது.