நுனிக்கால் கணக்கு

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பக்கம், கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற இடத்தில், படகில் நின்று வீச்சுவலை எறிகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? காலுக்கடியில் படகு ஆடும். வலையோ கனம். ஆனாலும் ஆள் விழுவதில்லை. இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால், கை இன்னொரு பக்கம் போய் ஈடுகட்டிவிடும். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், பற்று எழுதிய சூட்டோடு வரவும் எழுதிவிடுகிறார்.

இதே கணக்குதான் பாலே நடனத்திலும். என்ன, அங்கே படகுக்குப் பதில் கால்விரல் நுனி! 1832இல் பாரிஸில் மேரி டக்லியோனி 'லா சில்ஃபீட்' ஆடிய பிறகுதான், நுனிக்காலில் நிற்பது வெறும் வித்தை என்ற நிலை மாறி கலையாக மதிக்கப்பட்டது. இன்றைய ஷூவில் இருக்கிற கெட்டி முனை அன்றைக்குக் கிடையாது. மென்மையான சாட்டின் செருப்புதான்.

பாலே கற்கிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் வரை பிரச்னை இல்லை. கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு அறை நடுவே வந்து நுனிக்காலில் எழும்பும்போதுதான் தள்ளாட்டம். கால் பலம் போதவில்லை என்று நினைப்பார்கள். பல நேரம் குற்றவாளி கை! கால் எழும்பி முடித்த பிறகு கை சாவகாசமாக மேலே போனால், அதன் கனம் உடம்பையும் இழுத்துக்கொண்டு போகும். தோள் காதை நோக்கி ஏறினால் விலாவும் சேர்ந்து கிளம்பும். முதுகு பின்னால் வளையும். அதனால்தான் ஆசிரியர்கள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்: கை முதுகிலிருந்து கிளம்பட்டும். நெஞ்சுக்கு முன்னால் வட்டமாக வந்து, காலோடு சேர்ந்தே உயரட்டும். கண் தரையைத் தேடாமல் எதிரே ஒரு புள்ளியில் நிற்கட்டும்.

இதற்குப் பெரிய சாட்சி, ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. ஒல்லி உடம்பு, ரொம்பவும் வளைந்த பாதம். அந்தக் காலத்து இத்தாலிய நடனக்காரிகளின் சுழல் வித்தைகளுக்கு அது தோதுப்படவில்லை. என்ரிக்கோ செக்கெட்டி என்ற ஆசிரியரிடம் பாடம் எடுத்துத் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டார். அவருக்கு உலகப் புகழ் தந்த 'சாகும் அன்னம்' சில நிமிட நடனம்தான். கால்கள் நுனியில் பொடிப்பொடி அடியாக ஓடிக்கொண்டே இருக்கும். கதையைச் சொல்வது கைகள்.

1928இல் பாவ்லோவா பம்பாய் வந்தபோது, பார்க்கப் போனவர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். வயது 24. பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் இருவருக்கும் நட்பு முற்றியது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்க ஆரம்பித்தார். ஆனால், சொந்த மண்ணின் நடனத்தைத் தேடச் சொல்லித் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாவேதான்.

திரும்பிப் பார்த்தால், கெட்ட பேரோடு சதிர் நின்றுகொண்டிருந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டு, 1935இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடினார் ருக்மிணி. அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா பிறந்தது.

பாலே உடம்பை மேலே தூக்கும். அரைமண்டி கீழே இறக்கும். நேர் எதிர். ஆனால் கை விஷயத்தில் இரண்டும் ஒன்றே. முழங்கை தொங்கினால் ஆட்டமே தொங்கிவிடும். கலாக்ஷேத்ராவின் நேர்க்கோட்டுக் கைகளில் பாலே சாயலைப் பார்க்கிற விமர்சகர்கள் உண்டு.

அதெல்லாம் சரி, கணக்கின் மறுபக்கம்? கௌரி அம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. தடை நியாயமானது. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து, அந்தப் பெண்களின் மேடையும் கைநழுவிப் போனது. நடனம் மட்டும் புதுப் பேரோடு, புது வீடுகளில் வாழ்ந்தது.

அடுத்த முறை பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போனால், கால் தாளத்தோடு முழங்கையையும் பாருங்கள். அது இறங்காமல் நிற்கிறதா? அந்தப் பெருமையை பாவ்லோவாவின் பேரில் மட்டும் வரவு வைத்துவிடாதீர்கள். கௌரி அம்மாளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.