கைப்பை உலோகப் பாகங்களும் முலாமும்

ஆடம்பரக் கைப்பைகளின் பூட்டு, கொக்கி, வளையம், சங்கிலி, ஜிப், அடிக்குமிழ் முதலிய உலோகப் பாகங்களுக்கு நிறமும் பளபளப்பும் பாதுகாப்பும் தரும் மேற்பரப்பு வேலையே உலோகப் பூச்சு. மெருகேற்றிய பித்தளை, தங்க முலாம், பல்லேடிய முலாம், ருத்தேனியம், ரோஸ் கோல்டு, பழமைச் சாயல் ஏற்றிய பித்தளை, வெற்றிடத்தில் படியவைக்கும் கறுப்புப் பூச்சு என இதில் பல வகைகள் உண்டு. பையை வாங்குபவரின் கண் முதலில் இதில்தான் பதியும். சில ஆண்டுகள் கழித்துப் பையின் வயதைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். உலோகம் பழசாவதை மறைப்பதா, அதன் போக்கில் விடுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன பதிலே இந்தப் பூச்சுகளின் வரலாறு.

குதிரை லாயத்தில் தொடக்கம்

கைப்பைகளின் உலோகப் பாகங்கள் பலவற்றுக்கும் மூதாதை குதிரைச் சேணம். தியரி எர்மெஸ் 1837இல் பாரிஸில் தொடங்கியது சேணப் பட்டறை. 1900 வாக்கில் அந்நிறுவனம் சேணத்தையும் காலணியையும் எடுத்துச் செல்வதற்காக உயரமான ஒரு பையைத் தயாரித்தது. அதன் வார்ப்பட்டைகளையும் திருகு பூட்டையும் பிற்காலத்துக் கெல்லி, பர்க்கின் பைகளிலும் காணலாம். ஃபுளோரன்ஸில் 1921இல் தொடங்கிய குச்சி நிறுவனம் கடிவாளத்தின் இரட்டை வளைய இரும்பை 1953இல் காலணியிலும், 1955இல் கைப்பையிலும் வைத்தது.

பயணப் பெட்டிகள் இன்னொரு ஊற்று. லூயி வியூட்டன் நிறுவனம் 1886இல் தன் பெட்டிகளுக்குக் கள்ளச் சாவிக்கு இடங்கொடாத பூட்டு ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதைத் திறந்து காட்டும்படி மாயவித்தைக்காரர் ஹூடினிக்கே ஜார்ஜ் வியூட்டன் சவால் விட்டார் என்று நிறுவன வரலாறு சொல்கிறது.

சேணத்துக்கும் பெட்டிக்கும் பித்தளையே ஏற்ற உலோகமாக இருந்தது. அது இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. வார்க்கவும் கடையவும் எளிது. ஆனால் காற்றும் வியர்வையும் பட்டால் கறுக்கும். தோலிலுள்ள கொழுப்பு பித்தளையின் செம்போடு சேரும்போது, இரண்டும் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு கட்டும். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது போல, லாயப் பணியாளர்கள் சேணப் பித்தளையை ஓயாமல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் வைத்துத் துலக்க வழியில்லாத நகரத்துப் பெண்களின் கைக்குப் பை வந்தபோது, துலக்காமலே மின்னும் உலோகம் தேவைப்பட்டது.

முலாம் மாறிய விதம்

பழைய தங்க முலாமில் தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகி வெளியேற, தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் உடல் சீர்கெட்டது. 1805இல் இத்தாலிய வேதியியலாளர் லூயிஜி புருன்யாதெல்லி, வோல்டாவின் மின்கலத்தைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்கள் மேல் தங்கத்தைப் படியவைத்தார். பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றனர். 1842இல் பிரான்ஸில் அந்த உரிமையைப் பெற்றவர் ஷார்ல் கிறிஸ்தோஃப்ல். மிகக் குறைந்த தங்கத்தில் பெரிய பரப்பை மூட இதனால் வழி பிறந்தது.

இன்று வெள்ளை, சாம்பல் நிறங்களைத் தரும் உலோகங்களும் அதே நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளே. வில்லியம் வோலஸ்டன் 1800களின் தொடக்கத்தில் லண்டனில் பல்லேடியத்தையும் ரோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1844இல் ரஷ்யாவின் கசான் நகரில் கார்ல் கிளாஸ் ருத்தேனியத்தைக் கண்டறிந்தார். இவை ஆய்வகத்திலிருந்து கைப்பை வரை வந்துசேர நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று.

படலத்தின் மேல் படலம்

தங்க நிறத்தில் மின்னும் ஒரு கொக்கியில் தங்கம் மேலே மெல்லிய தோலாக மட்டுமே இருக்கும். உள்ளே இருப்பது பித்தளை. விலை குறைந்த பைகளில் ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவை. முதல் வேலை மெருகேற்றுவது. முலாம் கீறலை மறைக்காது, பளபளப்பில் அதை இன்னும் எடுத்துக்காட்டும். பிறகு எண்ணெய்ப் பசை நீக்கி, அமிலத்தில் நனைத்து, செம்புக் குளியலில் இறக்குவார்கள். நுண்ணிய பள்ளங்களைச் செம்பு நிரப்பிச் சமன்படுத்தும். அதன்மேல் நிக்கல், வெண்வெண்கலம் அல்லது பல்லேடியம் ஒரு தடுப்புச் சுவராக வரும். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அடியிலுள்ள செம்பு மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி, மேற்பரப்பை மங்கச் செய்துவிடும். கடைசியாகத் தங்கம், பல வேளைகளில் அதற்கும் மேல் நிறமற்ற அரக்குப் பூச்சு.

படலத்தின் கனத்தைத் தீர்மானிப்பவை மின்னோட்டமும் நேரமும். இந்தக் கணக்குக்கு அடிப்படை 1830களில் ஃபாரடே வகுத்த விதி. கனத்தை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தங்கத்தின் சாயலுக்கும் பன்னாட்டுத் தரம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 8654 தரத்தில் 2என் வெளிர்மஞ்சள், 5என் செம்மை. குளியலில் செம்பின் அளவைக் கூட்டினால் ரோஸ் கோல்டு கிடைக்கும்.

குளியலே இல்லாத முறையும் உண்டு. வெற்றிட அறையில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைப்பதற்கு பிவிடி என்று பெயர். டைட்டானியம் நைட்ரைடு இவ்வழியில் தங்க நிறம் தரும். அது தங்கத்தைவிடப் பலமடங்கு கடினமானது.

பூச்சே அடையாளமான கதை

1955 பிப்ரவரியில் கோகோ ஷனெல் கொண்டுவந்த 2.55 பையின் சங்கிலி, பெண்களின் கைக்கு விடுதலை தந்தது. 1983இல் ஷனெலுக்கு வந்த கார்ல் லாகர்ஃபெல்ட், அதன் சாதாரணத் திருகு பூட்டுக்குப் பதிலாகப் பின்னிய இரட்டை ‘சி’ வடிவத்தை வைத்துச் சங்கிலிக்குள் தோலையும் கோத்தார். அன்றைய பைகளின் அடர்ந்த தங்க முலாமை, ஏறத்தாழ 2008இல் நிறுவனம் கைவிட்டதாக மறுவிற்பனையாளர்கள் கணிக்கிறார்கள். அதற்கு முந்தைய பைகளை அதனாலேயே தேடி வாங்குவோர் உண்டு.

நியூயார்க்கின் கோச் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் பானி கேஷின் வேறு வழியில் போனார். தன் காரின் மடக்குக் கூரையை இறுக்கும் திருகைப் பார்த்து, 1964இல் அதைப் பித்தளையில் பையின் பூட்டாக்கினார். 2001இல் நிக்கோலா கெஸ்கியேர் பலென்சியாகாவுக்காக வடிவமைத்த மோட்டார் சைக்கிள் பையில், புத்தம்புதுக் குமிழ்களே பழசான பித்தளை போலத் தோன்றின. வயதை மறைத்துவந்த தொழில், வயதையே ஒரு பூச்சாக விற்கத் தொடங்கியது.

எர்மெஸ் பைகளில் பூச்சோடு பொருத்தும் கலையும் சேர்ந்துகொள்கிறது. உலோகத் தகட்டைத் தோலோடு சேர்த்து ஆணி இறக்கி, மிஞ்சிய முனையை வெட்டி, முத்துப் போல உருளும் வரை மெல்ல மெல்லச் சுத்தியலால் தட்டுகிறார்கள். முலாமில் ஒரு கீறல் விழுந்தாலும் உழைப்பு வீண். 2010இல் ழான் போல் கோத்தியே எர்மெஸுக்காகத் தோல், உலோகம் இரண்டையும் கருமையாக்கி ‘சோ பிளாக்’ வரிசையைத் தந்தார். கருமை தேய்ந்து அடியுலோகம் வெளிப்பட்டால் உடனே கண்ணில் படும் என்பதால், சேகரிப்பாளர்கள் மிகவும் பொத்திப் பாதுகாக்கும் பைகளில் அவையும் அடங்கும்.

புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன், முலாமை நம்பாமல் திடமான பித்தளைப் பக்கிள்களைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. திடப் பித்தளையில் உரிந்துபோகப் படலம் கிடையாது. கறுத்தால் மறுபடி துலக்கிக்கொள்ளலாம்.

தோல் ஒவ்வாமையும் உலோக விலையும்

நிக்கல் மலிவானது, கடினமானது. ஆனால் பலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். 1994இல் ஐரோப்பிய ஒன்றியம், தோலோடு நீண்ட நேரம் தொடர்புகொள்ளும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்கு, ஒரு வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என வரம்பு விதித்தது. வெண்வெண்கலமும் பல்லேடியமும் முலாம் பட்டறைகளில் பரவ இதுவும் ஒரு காரணம்.

பல்லேடியம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கார்களின் புகை வடிகட்டிகளுக்கும் அதே உலோகம் வேண்டும். அந்தத் தேவை ஏறஏற, 2019இல் பல்லேடியத்தின் விலை தங்கத்தைத் தாண்டியது. 2022 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் 3,000 டாலரைக் கடந்தது. வெள்ளி நிறக் கொக்கியின் மேலிருந்த உலோகம், எடைக்கு எடை, தங்க நிறக் கொக்கியின் உலோகத்தைவிட விலையுயர்ந்ததாக இருந்த காலம் அது.

ஏலச் சந்தையில்

ஏலப் பட்டியல்களில் தோலின் வகை, நிறத்துக்கு அடுத்தபடி உலோகப் பூச்சும் தலைப்பிலேயே இடம்பெறுகிறது. 2017 மே மாதம் ஹாங்காங்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில், 18 காரட் வெள்ளைத் தங்கமும் வைரமும் பதித்த பூட்டுடன் கூடிய ஹிமாலயா முதலைத்தோல் பர்க்கின் சுமார் 3,80,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. உலோகத்தில் கீறல் இல்லாமல், தொழிற்சாலையில் ஒட்டிய பாதுகாப்புத் தாளும் கிழியாமல் இருந்தால் விலை இன்னும் கூடும்.

இந்த வழக்கத்துக்கு நேர்மாறானது 2025 ஜூலையில் பாரிஸில் சதபீஸ் நடத்திய ஏலம். 1984இல் நடிகை ஜேன் பர்க்கினுக்காகச் செய்யப்பட்ட முதல் பை அதில் 86 லட்சம் யூரோவுக்கு விற்றது. அதன் பூட்டும் மூடிய வளையங்களும் தங்க முலாமிட்ட பித்தளையால் ஆனவை. ஸ்டிக்கர் ஒட்டிய தடமும் ஆண்டுக்கணக்கில் புழங்கிய தேய்மானமும் தெரியத்தெரியவே அது ஏலத்துக்கு வந்தது. கைப்பை ஒன்றுக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த ஏல விலையும் அதுவே.