தலைப்பும் ஒரு துண்டுக் காகிதம்: ரோமேர் பியர்டனின் ஒட்டுச்சித்திரப் பெயர்கள்

பத்திரிகைப் படம், வண்ணத்தாள், துணி என வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை ஒரே பரப்பில் ஒட்டி உருவாக்கும் ஓவிய முறை கொலாஜ், அதாவது ஒட்டுச்சித்திரம் எனப்படும். இம்முறையில் தலைசிறந்து விளங்கிய அமெரிக்கக் கலைஞர் ரோமேர் பியர்டன் (1911–1988) தம் படைப்புகளுக்குச் சூட்டிய பெயர்களும் அப்படியே அமைந்தவை: ஹோமரின் காவியம், கிறித்தவச் சடங்கு, ஜாஸ் இசை, தென்மாநிலக் கிராமத்து வைத்தியம், எஃகு ஆலைத் தொழிலாளியின் அன்றாடம் என ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இடங்களிலிருந்து எடுத்த சொற்கள் அவற்றில் அருகருகே வந்து அமர்கின்றன. அந்தச் சொற்களின் பிறப்பிடத்தைத் தேடிச் செல்வோருக்கு ஆப்பிரிக்க அமெரிக்க மக்களின் வரலாறே வழியில் எதிர்ப்படுகிறது.

பியர்டன் வட கரோலைனா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்து, சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தவர். தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி, 1910-களுக்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ‘பெரும் இடப்பெயர்வு’ என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் அந்த ஓட்டத்தில் இக்குடும்பமும் ஒன்று. பத்திரிகையாளராக இருந்த தாய் பெஸ்ஸியின் வீட்டுக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனும் வந்து சென்றனர். தெற்கிலிருந்த உறவினர் வீடுகளும், பிட்ஸ்பர்க் நகரில் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பாட்டி நடத்திவந்த தங்கும் விடுதியும் சிறுவனின் நினைவில் நிலைத்தன.

கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1963-இல், கறுப்பினக் கலைஞர்கள் சிலர் நியூயார்க்கில் ‘ஸ்பைரல்’ என்ற குழுவாகக் கூடினர். பியர்டன் அதில் முன்னின்றார். மறுஆண்டு அவர் உருவாக்கிய ஒட்டுச்சித்திரங்களுள் ‘சடங்கின் நிலைபேறு’ என்ற பொதுப்பெயர் கொண்டவை குறிப்பிடத்தக்கவை. இடம் மாறினாலும், அடிமைத்தளையில் கிடந்தாலும், ஒரு மக்கள் கூட்டம் தன் சடங்குகளைக் கைவிடுவதில்லை என்ற கருத்தை அப்பெயரே சொல்லிவிடுகிறது. இவ்வரிசையில் ‘திருமுழுக்கு’ என்ற படம் தெற்கத்திய ஆற்றில் நிகழும் கிறித்தவச் சடங்கைக் காட்டினாலும், அதிலுள்ள முகங்களில் ஆப்பிரிக்க முகமூடிகளின் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. விவிலியச் சொல்லும் ஆப்பிரிக்க முகமும் ஒன்றையொன்று விளக்குகின்றன. ‘மந்திரக்காரி’ என்ற மற்றொரு பெயர், வேரும் மூலிகையும் கொண்டு நோய் தீர்க்கவும் ஏவல் எடுக்கவும் வல்லவள் என்று ஊரார் அஞ்சி மதித்த கிராமத்துப் பெண்ணைக் குறிக்கிறது.

1970-களில் பெயர்களின் ஊற்றுக்கண் இசைக்கு இடம் மாறியது. ‘ப்ளூஸின் பேரரசி’ (1974) என்பது, ப்ளூஸ் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க இசைவகையின் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்கு வழங்கப்பட்ட பட்டம். அதே ஆண்டின் ‘கரோலைனா ஷவுட்’ இன்னும் ஆழமானது. ஹார்லெம் பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-இல் இசைத்தட்டில் பதிவுசெய்த புகழ்பெற்ற உருப்படியின் பெயர் அது. கரோலைனாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த உழைப்பாளிகள் இரவில் ஆடிய ஆட்டங்களிலிருந்து அவர் அதை வளர்த்தெடுத்தார். அந்த ஆட்டங்களுக்கும் முன்னதாக, அடிமைக் காலத்தில் மக்கள் கைதட்டிப் பாடி வட்டமாகச் சுற்றிவந்த வழிபாட்டு ஆட்டம் ‘ஷவுட்’ என்று அழைக்கப்பட்டது. பியர்டனின் படத்திலோ பியானோ முதன்மை பெறவில்லை; கைகளை மேலே உயர்த்தி, அருள் வந்தவர்போல் நிற்கும் மனிதர்களே அதை நிறைக்கின்றனர். நடனக்கூடத்து இசைக்குத் தாய்வீடு வழிபாட்டுக்கூடமே என்ற வரலாற்றை இரண்டே சொற்களால் நினைவூட்டிய இப்பெயர், பியர்டனின் பெயர்சூட்டும் கலைக்குச் சிறந்த சான்று.

இத்தகைய பெயர்களை அமைப்பதில் அவருடைய நண்பரும் ப்ளூஸ் இசையை ஆராய்ந்த எழுத்தாளருமான ஆல்பர்ட் மர்ரேக்குப் பெரும் பங்கு உண்டு. படம் முடிந்தபின் இருவரும் பேசிப் பேசிப் பெயரைக் கண்டடைந்தமையால், தலைப்பு கடைசியாக ஒட்டப்படும் துண்டாகவே அமைந்தது எனலாம்.

1977-இல் ஹோமரின் ‘ஒடிசி’யை ஒட்டி 20 ஒட்டுச்சித்திரங்களைப் பியர்டன் படைத்தார். ‘சர்சி’, ‘இத்தாக்காவுக்குத் திரும்புதல்’ என்று தலைப்புகள் கிரேக்கக் காவியத்தின் பெயர்களைக் கொண்டிருக்க, மாந்தர் அனைவரும் கறுப்பினத்தவராக இருக்கின்றனர். கடலில் அலைந்து வீடு தேடும் வீரனின் கதை, கடல்வழியே விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்நியமானதன்று என்ற உறுதி அதில் ஒலிக்கிறது. மனிதரை விலங்காக மாற்றும் கிரேக்கச் சூனியக்காரி சர்சி, கரோலைனாவின் மந்திரக்காரிக்கு உடன்பிறந்தவளாகிவிடுகிறாள்.

காவியத்துக்கு அடுத்த ஆண்டே பாட்டியின் விடுதி தலைப்பில் ஏறியது. ‘ஆலைக்காரரின் தூக்குவாளி’ (1978) என்ற படத்தில், ஒருவர் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் தம் சாப்பாட்டு வாளியை எடுக்கக் கைநீட்டுகிறார். நடுவில் கோட்டும் தொப்பியும் அணிந்த இன்னொருவர் தோள் துவண்டு அமர்ந்திருக்கிறார். ஓர் இனத்தின் இடப்பெயர்வு முழுவதையும் உணவு சுமக்கும் ஒரு பாத்திரத்தின் பெயரால் சுட்டிய இத்தலைப்பு, பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனைத் தொட்டது. துவண்டு அமர்ந்திருந்த அம்மனிதர் யார் என்ற கேள்வியிலிருந்து அவர் ஒரு நாடகத்தை எழுதத் தொடங்கி, முதலில் படத்தின் பெயரையே அதற்கு வைத்தார். பின்னர், கறுப்பின ஆண்களைப் பிடித்துக் கட்டாய உழைப்பில் தள்ளிய ஒருவனைப் பற்றிய பழைய ப்ளூஸ் பாட்டிலிருந்து ‘ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்’ என்ற பெயரைத் தேர்ந்தார். 1988-இல் அந்நாடகம் பிராட்வே அரங்கில் ஏறியது. பாட்டியின் விடுதியிலிருந்து ஓவியர் எடுத்த பெயர் நாடகத்துக்கு வாசலாகி, அங்கே தன் இடத்தை ஒரு பாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. எந்த மக்களிடமிருந்து பியர்டன் தம் சொற்களைப் பெற்றாரோ, அதே மக்களின் பாட்டு அது.