முதுகில் எழுதிப் படித்த பாடம்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் நெடுஞ்சாலையில், நகரை எட்டுவதற்குச் சற்று முன்னால் வரும் சந்தி பாலாவி. மன்னாரில் திருக்கேதீச்சரத்தை ஒட்டியுள்ள பாலாவித் தீர்த்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இது களப்போரத்துப் பாலாவி. உப்பளத்துக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் பேர்போன ஊர். இங்கே இடக்கைப் பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. அந்த வீதியின் மறுமுனையில் 1807இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி.

1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் அடுக்கி 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலைத் தந்தவர் அவர். 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய அவருடைய 'தமிழ் புளூட்டாக்' ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சொல்கிறது. ஏட்டில் இருந்தது கொஞ்சம், ஆட்களின் வாயில் இருந்தது மிச்சம் என்ற காலம் அது. புலவர்களைப் பற்றிய கதைகளை ஊர் நினைவில் வைத்திருந்தது. புலவர்களோ தங்கள் பாட்டையும் பிறர் பாட்டையும் நினைவிலேயே சுமந்து திரிந்தார்கள்.

அப்படிச் சுமந்தவர்களில் ஒருவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். தொண்டை நாட்டுக்காரர், பிறவியிலேயே பார்வையற்றவர். ஏட்டைப் பார்க்க முடியாதவருக்கு எழுத்து எப்படி வந்தது? கூட இருந்தவர்கள் ஒவ்வோர் எழுத்தாக முதுகில் விரலால் எழுதிக் காட்ட, அந்தத் தொடுகையைக் கொண்டே நெடுங்கணக்கைப் பிடித்துக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னாளில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனிடம் பாடிப் பரிசு பெற்றதாகவும் சொல்வார்கள். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் கல்வி கண் வழியாக மட்டுமே உள்ளே போகும் என்று அன்றைய தமிழர் நினைக்கவில்லை என்பதற்கு இந்தக் கதையே போதும்.

பார்வை உள்ள பிள்ளைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் படித்தார்கள். திண்ணைப் பள்ளியில் முதலில் மணல். வலக்கை விரலால் எழுத்தை வரைய வேண்டும், வரையும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி என்ற வாய்பாட்டில் முழு எண்களோடு பின்னங்களும் உண்டு. 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் வாயில் நிற்க வேண்டும். சாயங்காலம் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து ஒப்பிப்பதும் உண்டென்று உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். விளையாட்டுப் போல இருந்தாலும் அது கறாரான நினைவுப் பயிற்சி.

திண்ணைப் பள்ளியின் கணக்கை ஆராய்ந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில்பாபு, அங்கே மனப்பாடம் என்பது புரியாமல் ஒப்பிப்பதாக இருக்கவில்லை, அதுவே கணக்குப் போடும் முறையாக இருந்தது என்று வாதிடுகிறார். நெல்லை அளப்பவனுக்கும் நிலத்தை அளப்பவனுக்கும் தாளில்லாமல் நின்ற இடத்தில் விடை வர வேண்டும். காலனி ஆட்சியின் கல்வி அதிகாரிகள் இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கினார்கள். பிறகு தாங்கள் நடத்திய பரீட்சைகளுக்காக அதைவிட மோசமான கிளிப்பிள்ளைப் பாடத்தை வளர்த்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.

இந்தப் பயிற்சியின் உச்சிதான் அவதானம். ஒரே வேளையில் எட்டு வேலையில் கவனம் வைத்தால் அட்டாவதானி, பத்தென்றால் தசாவதானி, பதினாறென்றால் சோடசாவதானி, நூறென்றால் சதாவதானி. சபையின் நடுவே அவர் அமர்ந்திருப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் பாட்டொன்றின் எழுத்துகளை முறை மாற்றி, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகச் சொல்வார். கடைசியில் பாட்டு முழுதாக வர வேண்டும். வேறொருவர் பெருக்கல் கணக்குக் கொடுப்பார். நடுநடுவே மணி அடிக்கும், அதையும் எண்ண வேண்டும். பின்னால் நிற்பவர் முதுகில் சிறு கல்லையோ பூவையோ எறிந்துகொண்டிருப்பார். எத்தனை விழுந்தது என்று முடிவில் சொல்ல வேண்டும். இதற்கிடையே கை இலாடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருக்கும், எதிரே சதுரங்கப் பலகையும் இருக்கும். நாக்கு, காது, விரல், முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது புலவர்களின் பெயருக்கு முன்னால் போடும் பட்டமாகவே ஆகியிருந்தது. 'விநோதரச மஞ்சரி' எழுதிய வீராசாமி செட்டியாரை இன்றும் அட்டாவதானம் வீராசாமி செட்டியார் என்றே சொல்கிறோம்.

1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியவர் செய்குத்தம்பிப் பாவலர். 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த முஸ்லிம். சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். சென்னையில் அவர் அச்சகமொன்றில் நூல்களைத் திருத்தும் வேலை பார்த்தார். நினைவாற்றலின் பெயரால் பட்டம் வாங்கியவருக்குச் சோறு போட்டது, நினைவாற்றலின் தேவையைக் குறைத்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரம். அவரைப் பற்றி ஒரு கதை பிரசித்தம். இராமனே துருக்கனுக்குத் துணை என்று பொருள்படும்படி ஓர் ஈற்றடியைக் கொடுத்து அவரைச் சிக்கலில் மாட்டிவிடப் பார்த்தார்களாம். அவர் முந்தைய அடியின் கடைசியில் ஓர் அசையைச் சேர்த்து அந்தத் துருக்கனைச் சத்துருக்கனாக்கினார். சபை சிரித்தது, சிக்கல் தீர்ந்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மேலைப் புலோலியிலிருந்து சென்னை சென்ற நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானிதான். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் திரு.வி.க.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று தமிழுலகம் இரண்டாகப் பிரிந்து மோதியபோது இந்த இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஆறுமுக நாவலர் வழி வந்த சைவரான கதிரைவேற்பிள்ளை மருட்பா என்றார். முஸ்லிமான பாவலர் அருட்பா என்று மேடை மேடையாக வாதிட்டார். ஏட்டைப் புரட்டாமலே பாட்டுகளை எடுத்து வீசக்கூடிய இரண்டு பேர் மோதினால் மேடை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1907இலேயே கதிரைவேற்பிள்ளை இறந்தார். பாவலர் 1950 வரை இருந்தார். 2008இல் இந்திய அஞ்சல்துறை பாவலருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர்களுக்குப் பிறகு தமிழில் அவதானம் தேய்ந்துபோயிற்று. கவனகம் என்ற பெயரில் ஒரு சிலர் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். தெலுங்கில் நிலைமை வேறு. அங்கே இன்றும் அவதானத்துக்கு அரங்கு நிறைகிறது. தெலுங்கர் அதைக் கவிதை விருந்தாக வளர்த்தார்கள், நாம் வித்தையாகப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கலைந்தோம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. குஜராத்தில் காந்தி மதித்த ராய்சந்த்பாயும் சதாவதானி. 1891இல் பம்பாயில் அவரைச் சந்தித்த காந்தி, தனக்குத் தெரிந்த ஐரோப்பியச் சொற்களையெல்லாம் கொட்ட, அவர் அதே வரிசையில் திருப்பிச் சொன்னாராம். ஆனால் அவர் இருபது வயதை ஒட்டியே இந்தக் காட்சிகளை விட்டுவிட்டார்; ஆன்மிகத்துக்கு அது தடை என்பது அவர் எண்ணம்.

இவர்களுடைய திறமையை நம் முன்னோர் தெய்வ அருள் என்றார்கள். இன்றைய மூளை ஆய்வு சொல்வது வேறு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் டிரெஸ்லர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றல் போட்டி வீரர்கள் 23 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். பிறகு சாதாரண ஆட்களை எடுத்து, மனத்தில் ஒரு வீட்டை அல்லது வீதியைக் கற்பனை செய்து சொற்களை அதன் மூலைகளில் வைக்கும் பழைய உத்தியை ஆறு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் பழக்கினார்கள். பயிற்சிக்கு முன் 72 சொற்களில் சராசரியாக 26ஐ நினைவுகூர்ந்தவர்கள், பின்னர் 62ஐச் சொன்னார்கள். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் விதமும் போட்டி வீரர்களுடையதைப் போல மாறத் தொடங்கியிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஜேம்ஸ் ஹார்ட்செல் என்பவரும் ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தினரும் சேர்ந்து, யஜுர் வேதத்தை வாய்வழியாகவே கற்ற 21 பண்டிதர்களின் மூளையை வேறு 21 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். பண்டிதர்களுக்கு நினைவோடும் மொழியோடும் தொடர்புடைய பல பகுதிகள் பெரிதாக இருந்தன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அவற்றுள் ஒன்று. பயிற்சிதான் மூளையைப் பெருக்கியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் பயிற்சியில் நிலைத்தார்களா என்பதை இந்த ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சமஸ்கிருதம் படித்தால் மூளை வளரும் என்று சிலர் பரப்பியது ஆய்வு சொல்லாத செய்தி.

இப்படிப்பட்ட மனனத்தைப் பார்க்க, வேத பாடசாலையைத் தேடிப் பாலாவியிலிருந்து வடக்கே போக வேண்டியதில்லை. புத்தளத்திலும் கற்பிட்டி வீதி நெடுகிலும் குர்ஆனை மனனம் செய்யும் ஹிப்ழு மத்ரஸாக்கள் இருக்கின்றன. 114 அத்தியாயங்கள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்கள், பெரும்பாலும் பிள்ளை பேசாத மொழி. இன்றைக்குப் புதுப்பாடம், கூடவே கடந்த சில நாட்களின் பாடம், அதோடு முன்னே முடித்த பழம்பாடத்தில் ஒரு பங்கு என்று மூன்றையும் ஆசிரியரான உஸ்தாதிடம் ஒப்புவிக்க வேண்டும். பிள்ளைகள் உடலை முன்னும் பின்னும் அசைத்து, குரலெழுப்பி ஓதுவார்கள். ரமழானில் குர்ஆனை மனனம் செய்து முடித்த ஹாபிழ் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை நடத்தும்போது எங்காவது தடுமாறினால், பின்னால் நிற்கும் இன்னொரு ஹாபிழ் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓதினால் மறதி குறையும் என்பதை ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே வைத்து அளந்து எழுதினார். மத்ரஸாவுக்கு அது புதுச் செய்தி அல்ல.

முதுகு, விரல், அசையும் உடல் என்று நினைவுப் பயிற்சியில் உடம்புக்கும் பங்கு இருந்ததைப் பார்த்தோம்; உடற்பயிற்சி பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரேமர், சார்ள்ஸ் ஹில்மன் ஆகியோரின் ஆய்வுக்குழு 2010இல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 49 பேரை ஓடுபொறியில் ஓடவிட்டு, யாருக்கு மூச்சுத்தாங்கும் சக்தி கூடுதல் என்று அளந்தது. அந்தச் சக்தி கூடிய பிள்ளைகளுக்கு ஹிப்போகாம்பஸ் பெரிதாக இருந்தது. ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்தி நினைவில் வைக்கும் சோதனையிலும் அவர்கள் முந்தினார்கள். 2014இல் ஹில்மன் குழு 221 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குப் பள்ளி விட்டதும் ஒன்பது மாதம் ஓட்டமும் விளையாட்டும், மறுபாதிக்கு வழக்கமான மாலைப் பொழுது. விளையாடியவர்களுக்குக் கவனச் சிதறலை அடக்கும் திறன் கூடியது. ஒழுங்காக வந்தவர்களுக்கு இன்னும் கூடியது. பெரியவர்களிலும் அப்படித்தான்: வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று ஒரு வருடம் நடந்த முதியோரின் ஹிப்போகாம்பஸ் இரண்டு சதவீதம் பெருத்தது என்று கேர்க் எரிக்சன் குழு 2011இல் காட்டியது.

அந்தகக்கவியின் முதுகையும் சதாவதானியின் விரலையும் இந்த ஆய்வுகள் அளக்கவில்லை. ஓட்டமும் தொடுகையும் ஒன்றல்ல. ஆனால் உடம்பை ஒரு பக்கம் முடக்கிப்போட்டுவிட்டு நினைவை மட்டும் வளர்க்கலாம் என்ற நம்பிக்கை பழைய திண்ணையிலும் இருக்கவில்லை, புதிய ஆய்வுகூடத்திலும் இல்லை. நடுவில் வந்த ரியூசன் வகுப்பில்தான் அது இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது பிள்ளையின் விளையாட்டு நேரம். இந்த விஷயத்தில், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளைப் பந்தோடு வெளியே விடும் மத்ரஸாக்கள் பல பெற்றோரைவிடத் தெளிவாக இருக்கின்றன. புத்தளம் மாவட்டத்துப் பெற்றோரும் பாடசாலை அதிபர்களும் அந்த மாலை விளையாட்டு நேரத்தை, பரீட்சை மாதத்தில்கூட, பிள்ளைகளிடமிருந்து பறிக்காமல் விட வேண்டும்.